நெசவூரும் நுண்ணோக்கியும்

மனிதனுடைய கண் அரியதோர் கருவியே எனினும், அதன் ஆற்றலுக்கும் ஓர் எல்லையுண்டு. ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்க்குங்கால், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கினும் குறுகிய இடைவெளியிலுள்ள இரு புள்ளிகள் நமக்கு ஒரே புள்ளியாகவே தோன்றும். அவ்வெல்லைக்கு அப்பால் உயிர்கள் நிறைந்த ஓர் உலகம் இருப்பதைப் பல்லாயிரம் ஆண்டுகள் மக்கள் அறியாதே வாழ்ந்தனர். அவ்வுலகின் கதவைத் திறந்து வைத்த கருவியே நுண்ணோக்கி. அதனைப் பற்றிப் பாடப் புத்தகங்கள் கூறாத புதுமையொன்றையும் கூற நாம் முன்வரவில்லை. பட்டு நெசவால் வயிறு வளர்க்கும் சின்ன காஞ்சிபுரம் போன்றதோர் ஊருக்கும் அக்கருவிக்கும் உள்ள உறவு யாது என்பதையும், அவ்வுறவை நம் கல்விச்சாலைகள் எங்ஙனம் மறந்துவிட்டன என்பதையும் எடுத்துரைப்பதே நமது நோக்கம்.

நுண்ணோக்கியின் வரலாற்றைத் தொடங்குவோர், 1590-ஆம் ஆண்டையொட்டி ஒல்லாந்து தேசத்துக் கண்ணாடிக் கைவினைஞரான ஜான்சன் என்பவரைப் பெயரிட்டுக் கூறுவது வழக்கம். அவர்தாம் முதல்வர் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. கலிலியோ தாம் செய்த கருவியை 1624-இல் ரோமாபுரி அறிஞர்களுக்கு அளித்ததும், அவர்களுள் ஒருவரான ஜியோவன்னி பாபர் 1625-இல் அதற்குப் பெயர் சூட்டியதும் உறுதியாக அறியப்பட்டவை. ஆயினும், இக்கருவியைப் பெருமைப்படுத்தியவர் பேராசிரியரும் அல்லர், பிரபுவும் அல்லர். அவர் ஒரு துணி வியாபாரி.

டெல்ப்ட் நகரத்து அந்தோனி வான் லீவன்ஹூக் 1632-இல் பிறந்தவர். பதினாறாம் வயதில் ஆம்ஸ்டர்டாமில் ஒரு துணிக்கடையில் வேலை பயின்று, பின்னர்த் தம் ஊரில் தாமே கடை வைத்தார். துணியின் தரத்தை அறிய, ஓர் அங்குலத்துள் எத்தனை இழை ஓடுகிறதென்று எண்ண வேண்டும். அதற்கெனத் துணி வணிகர்கள் சிறு பூதக்கண்ணாடியைக் கையாண்டனர். அவர் அக்கண்ணாடியோடு அமையாது, குன்றிமணியினும் சிறிய வில்லைகளைத் தாமே தேய்த்துச் செய்து, பித்தளைத் தகடுகளிடையே பொருத்தி, கண்ணருகே பிடித்துப் பார்க்கத் தொடங்கினார். இன்று எஞ்சியுள்ள அவருடைய கருவிகளுள் ஒன்று பொருளை ஏறத்தாழ 270 மடங்கு பெருக்கிக் காட்டுகிறது. ஏரி நீரிலும், மிளகு ஊறிய நீரிலும், தம் பல்லின் அழுக்கிலும் அவர் கண்ட சிற்றுயிர்களைப் பற்றி 1673 முதல் 1723-இல் மரிக்குமளவும் இலண்டன் ராயல் சங்கத்துக்குக் கடிதங்கள் எழுதினார். முதலில் நம்பாதவர்களும் 1677-இல் ராபர்ட் ஹூக் தாமே சோதித்துக் காட்டிய பின்னர் நம்பினர். லீவன்ஹூக்குக்கு இலத்தீன் தெரியாது. கல்லூரி வாசலை மிதித்தவரும் அல்லர். தம் தாய்மொழியாகிய டச்சு மொழியில், கண்டதைக் கண்டவாறே எழுதினார். உலகம் அக்கடிதங்களை மொழிபெயர்த்துப் படித்துக்கொண்டது.

அந்த ஹூக் 1665-இல் வெளியிட்ட 'மைக்ரோகிராபியா' என்னும் நூலில் தக்கை மரப்பட்டையின் அறைகளைக் கண்டு 'செல்' என்று பெயரிட்டதை மட்டுமே நம் மாணவர் மனனம் செய்கின்றனர். அந்நூலின் தொடக்கப் பகுதிகளிலேயே சன்னத் துணியையும், பட்டுத் துணியையும், அலையோட்டமுள்ள பட்டையும் கண்ணாடிக்கடியில் வைத்துப் பார்த்து அவர் எழுதியிருப்பதை யாரும் சொல்வதில்லை. பட்டின் பளபளப்பு எதனால் உண்டாகிறது என்று ஆராய்ந்ததோடு, புழு செய்வது போலவே மனிதனும் ஒரு பசையை இழையாக இழுத்துச் செயற்கைப் பட்டு செய்யலாகாதோ என்றும் அவர் கேட்டார். இரு நூறு ஆண்டுகளுக்குப் பின்னர் அக்கேள்வி பலித்தது. இன்று நம் நெசவாளர் வயிற்றில் அடிக்கும் போலிப் பட்டின் முதல் எண்ணமே ஒரு நுண்ணோக்கியின் அருகிற் பிறந்தது எனலாம். அப்போலியைக் கண்டுபிடிக்கும் வழியும் அக்கருவியிடமே உளது.

பின்வந்த வளர்ச்சியைச் சுருங்கக் கூறுவோம். பழைய கருவிகளில் உருவத்தின் விளிம்பெங்கும் வானவில்போல் நிறம் கசிந்து மயக்கும். இருவகைக் கண்ணாடிகளை இணைத்து அக்குறையை நீக்கும் வழி பதினெட்டாம் நூற்றாண்டில் தெரிந்தது. திராட்சரச வியாபாரியான ஜோசப் ஜாக்ஸன் லிஸ்டர் 1830-இல் அவ்வில்லைகளை எவ்வளவு தூரத்தில் அமைத்தால் மற்ற மயக்கங்களும் தீரும் என்று கணித்துரைத்தார். ஜெர்மனியில் ஜேனா நகரில் 1846-இல் தொழிற்சாலை தொடங்கிய கார்ல் ஜைஸ், பௌதிக ஆசிரியரான எர்னஸ்ட் ஆபேயைத் துணைக்கொண்டார். ஆபே 1873-இல் ஓர் உண்மையை நிறுவினார். ஒளியின் அலை நீளத்தில் ஏறத்தாழப் பாதிக்குக் குறைந்த இடைவெளியை எத்துணைச் சிறந்த வில்லையாலும் பிரித்துக் காட்ட இயலாது என்பதே அது. ஆதலின், சாதாரண நுண்ணோக்கியின் எல்லை ஒரு மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. அவ்வெல்லையையும் ஒளியின் துணைகொண்டே கடக்க வழி கண்ட மூவருக்கு 2014-இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இனி, கருவியின் உறுப்புகளை நோக்குவோம். பாதமும் கையும் கருவியைத் தாங்குவன. கீழே உள்ள ஆடி வெளிச்சத்தை மேலே திருப்பும். தற்காலக் கருவிகளில் ஆடிக்குப் பதிலாக விளக்கு அமைந்திருப்பதும் உண்டு. அதன் மேலுள்ள குவிப்பு வில்லை அவ்வொளியைப் பொருளின்மீது ஒன்றுகூட்டும். இடையிலுள்ள தடுப்பிதழ், கண்ணின் பாவையைப் போலச் சுருங்கியும் விரிந்தும் ஒளியை அளவுபடுத்தும். மேடையின் நடுவே துளையும், பொருள் வைத்த கண்ணாடித் தகட்டைப் பிடிக்கும் இடுக்கிகளும் உண்டு. சுழலும் மூக்கிற் பொருத்திய பொருளருகு வில்லைகள் முதலில் ஓர் உருவத்தைக் குழலினுள் பெருக்கி அமைக்க, கண்ணருகு வில்லை அதனை மீண்டும் பெருக்கிக் காட்டும். பொருளருகு வில்லை 45 மடங்கும், கண்ணருகு வில்லை 10 மடங்கும் பெருக்குமாயின், நாம் காண்பது 450 மடங்கு. பெருந்திருகு குழலையோ மேடையையோ விரைந்து நகர்த்தும்; நுண்திருகு மயிரிழையளவு நகர்த்தும்.

இவ்வுறுப்புகளுள் மாணவர் மிகக் குறைவாக மதிப்பவை தடுப்பிதழும் நுண்திருகுமே. வெளிச்சம் மிகுந்தால் தெளிவு மிகும் என்பது புதியவரின் மயக்கம். நிறமற்ற சிற்றுயிர் ஒன்று வெளிச்சப் பெருக்கில் மறைந்து, தடுப்பிதழைச் சற்றே சுருக்கியவுடன் விளிம்பு கொண்டு தோன்றும். நுண்திருகோ, கண்ணாடிக்கடியில் உள்ள பொருளுக்கு ஆழமும் உண்டு என்று கற்பிக்கும் ஆசிரியன். அதனை மெல்லத் திருகுந்தோறும் மேற்பரப்பு மறைந்து உட்பரப்பு புலனாகும். நூறு மடங்கு வில்லையைக் கையாளுங்கால் ஒரு துளி எண்ணெய் இடுவதும் வெறும் சடங்கன்று. கண்ணாடியினின்று காற்றில் புகும் ஒளி வளைந்து சிதறும். கண்ணாடியை ஒத்த ஒளிவிலகல் கொண்ட எண்ணெய் அதனைச் சிதறாது வில்லைக்குள் செலுத்தும். இவை படத்தைப் பார்த்துப் பெயரெழுதுவதால் வரும் அறிவல்ல. விரல் நுனியால் வரும் அறிவு.

பட்டுக்கும் நுண்ணோக்கிக்கும் உள்ள பெருந்தொடர்பை இனிக் கூறுவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சு தேசத்துப் பட்டுப் புழுக்களைப் பெப்ரைன் என்னும் நோய் வாட்டியது. புழுக்கள் மிளகுத்தூள் தூவினாற்போன்ற கரும்புள்ளிகள் கொண்டு மடிந்தன. பட்டையே நம்பிய ஊர்கள் பாழாயின. 1865-இல் அரசாங்கத்தார் வேண்ட, லூயி பாஸ்டர் என்னும் இரசாயன அறிஞர் அலே நகரத்துக்குச் சென்றார். அதற்குமுன் அவர் பட்டுப்புழுவைப் பற்றி ஒன்றும் அறியார். நோயுற்ற புழுக்களிலும் அந்துகளிலும் நீள்வட்டமான மின்னும் சிறு மணிகள் இருப்பதை நுண்ணோக்கி காட்டியது. பல ஆண்டு உழைப்பின் பின்னர் அவர் கண்ட வழி எளியது. ஒவ்வொரு தாய் அந்தையும் தனித்தனியே முட்டையிடச் செய்க. பின்னர் அவ்வந்தை நீர்விட்டு அரைத்து, ஒரு துளியைக் கண்ணாடிக்கடியில் வைத்துப் பார்க்க. மணிகள் காணப்படின் அதன் முட்டைகளை எரித்துவிடுக. காணப்படாவிடின் அவற்றையே விதையாகக் கொள்க. அவர் தம் ஆராய்ச்சியை 1870-இல் இரு தொகுதிகளாக வெளியிட்டார்.

கைத்தொழிலாளர் இக்கருவியைக் கையாளவல்லரோ என்று அக்காலத்துப் பலர் ஐயுற்றனர். பாஸ்டருடைய மனைவியாரும் இளம் மகளுமே அதனைக் கற்று, அவரோடிருந்து அந்துகளைச் சோதித்தனர். அம்முறை இன்றும் மாறவில்லை. ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரங்களிலும், காஞ்சிக்குப் பட்டு நூல் பெரிதும் வந்து சேரும் கருநாடக நாட்டிலும், விதைக்கூடங்களில் தாயந்தைச் சோதித்தே முட்டைகளை விவசாயிகளுக்கு அளிக்கின்றனர். சின்ன காஞ்சியின் தறிக்குழியில் அமர்ந்து கோர்வைச் சேலை நெய்பவர், எங்கோ ஒருவர் நுண்ணோக்கியிற் கண் வைத்துப் பார்த்ததன் பயனாகவே தம் பாவை ஓட்டுகிறார். அவ்வுண்மையை அவர் பிள்ளைக்கேனும் நாம் சொன்னோமா?

பட்டிழையையே வைத்துப் பார்ப்போம். புழு உமிழும் இழையில் இரு நுண்ணிழைகள் ஒரு பசையால் ஒட்டப்பட்டிருக்கும். சாயமிடுமுன் நூலை வேகவைப்பது அப்பசையைப் போக்குவதற்கே. நூலின் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அதனாற் குறையும். பசை நீங்கிய இழையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், மூலை மழுங்கிய முக்கோண வடிவம் தோன்றும். அம்முக்கோணத்தின் முகங்களிற் பட்டுத் தெறிக்கும் ஒளியே பட்டின் காந்தி. பருத்தி இழையோ தட்டையாகி முறுக்கிய நாடா போன்றது. கம்பள மயிர் ஓடு வேய்ந்தாற்போலச் செதில் கொண்டது. ரேயான் நீளவாட்டிற் கோடுகள் உடையது. பாலியெஸ்டர் பெரும்பாலும் வழவழத்த கோல் போன்றது. வாங்குவோர் ஒரு நூலைப் பிரித்துக் கொளுத்தி, மயிர் பொசுங்கும் நாற்றத்தால் பட்டென்று துணிவது நெடுநாளைய வழக்கம். இரண்டும் கலந்து முறுக்கிய நூலில் அச்சோதனை ஏமாற்றக்கூடும். நுண்ணோக்கியில் ஒவ்வோரிழையும் தன் பிறப்பைத் தானே கூறும். காஞ்சிபுரப் பட்டுக்கு 2005-06-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவ்வுரிமையைக் காக்க வேண்டிய ஊரில், ஓரிழையைப் பார்த்து இன்னதென்று சொல்லவல்ல இளைஞர் எத்தனை பேர் உளர் என்று வினவுவது தகாதோ?

ஊரின் உடல்நலமும் இக்கருவிக்குக் கடன்பட்டதே. செங்கற்பட்டு வட்டாரத்தை நெடுங்காலம் வருத்திய யானைக்கால் நோயின் நுண்புழுக்களை மனித இரத்தத்தில் 1872-இல் கல்கத்தாவில் கண்டவர் டிமதி லூயிஸ். அவை இரவிலேயே தோலருகு இரத்தத்தில் மிகுதியாகத் திரிவன என்பதை மான்சன் பின்னர்க் கண்டார். இரவில் வீடுவீடாகச் சென்று விரல் நுனியில் இரத்தம் எடுத்துச் சோதிக்கும் வழக்கம் அதனால் எழுந்ததே. சென்னை மாகாண வைத்திய சேவையிற் சேர்ந்து 1881-இல் இந்நாட்டில் பணி தொடங்கிய ரொனால்டு ராஸ், 1897 ஆகஸ்டு 20-இல் செகந்தராபாத்தில், கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். வெப்பத்தில், கொசுவின் உறுப்புகள் பறந்துவிடுமென்று விசிறியும் இழுக்காமல், நெற்றி வேர்வையால் திருகுகள் துருவேறி, கண்ணருகு வில்லை விரிசல் கண்டிருந்த கருவியோடு அவர் உழைத்ததைத் தம் நினைவுரையில் எழுதியுள்ளார். நல்ல கருவி இல்லையே என்று குறைகூறுவோர் இதனை ஒருகால் எண்ணுதல் நன்று.

நம் நாட்டவர் செய்த பணியும் சிறிதன்று. சென்னைப் பேராசிரியர் எம். ஓ. பார்த்தசாரதி ஐயங்கார் குளம், குட்டை, வயற்சேறு ஆகியவற்றிலிருந்த பாசிகளை ஆராய்ந்து, ஈரமண்ணில் வாழும் புதியதோர் இனத்தை 1932-இல் விளக்கி, அதற்கு ஆங்கில அறிஞர் பிரிட்சின் பெயரால் 'பிரிட்சியெல்லா' என்று பெயரிட்டார். தென்னிந்திய வால்வாக்ஸ் இனங்களைப் பற்றி 1933-இல் அவர் எழுதியதும் அறிஞருலகம் போற்றிய கட்டுரை. கோயிற் குளங்கள் நிறைந்தது நம் காஞ்சி. வரதராசர் கோயில் நூற்றுக்கால் மண்டபத்திற் கல்லிற் செதுக்கிய சங்கிலியை அண்ணாந்து பார்த்து வியப்போர், அருகிலுள்ள குளத்து நீரில் ஒரு துளி எடுத்துப் பார்ப்பாராயின், அதனினும் நுண்ணிய சங்கிலிகள் பச்சை நிறத்தில் உயிரோடு மிதப்பதைக் காண்பர்.

இத்துணைப் பெருமை வாய்ந்த கருவி நம் கல்விச்சாலைகளில் எந்நிலையில் உளது? பல இடங்களில் அது அலமாரியிற் பூட்டப்பட்டு, ஆண்டுக்கு ஒரு முறை, செய்முறைத் தேர்வுக்கு முந்திய வாரத்தில் வெளிவருகிறது. ஒரு கருவியின்முன் வரிசையாக நிற்கும் மாணவர் ஒவ்வொருவருக்கும் அரை நிமிடம் கிடைக்கிறது. எவரோ முன்னமே சரிசெய்து வைத்த காட்சியைக் கண்டுவிட்டு நகரவேண்டும், திருகைத் தொடலாகாது. பின்னர், முன்னாண்டு மாணவரின் ரெக்கார்டு நோட்டிலிருந்து படத்தைப் பார்த்தெழுதுகின்றனர். வினாத்தாளும் உறுப்புகளின் பெயரைக் கேட்கிறதேயன்றி, நீ கண்டது யாது என்று கேட்பதில்லை. கண்டதை வரைவதும் வரைந்ததைக் காண்பதும் ஒன்றாகா. முன்னது விஞ்ஞானம், பின்னது எழுத்தர் வேலை. வெங்காயத் தோலின் அறைகளை ஒழுங்கான செங்கற்களைப் போல வரைந்த மாணவன், தான் பார்த்தபோது அவை கோணலாக இருந்தமையால் தன் கண்ணையே ஐயுறக் கற்றுக்கொள்கிறான். இதனினும் பெரிய தீங்கு கல்வியில் யாதுளது?

கருவிகள் விலை மிக்கவை, மாணவர் உடைத்துவிடுவர் என்று சிலர் கூறுவர். அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. அலுவலகத்துக்குக் கணக்குச் சொல்லவேண்டிய ஆசிரியரின் அச்சத்தையும் நாம் அறிவோம். ஆயினும், மீரட்டில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றும் மனு பிரகாஷ் என்பவரும் அவர் தோழர்களும் 2014-இல், காகிதத்தை மடித்து, ஒரு சிறு மணி வில்லையைப் பதித்து, ஒரு டாலருக்குக் குறைந்த பொருட்செலவில் ஆகும் நுண்ணோக்கியைச் செய்து வெளியிட்டனர். லீவன்ஹூக் கையாண்ட ஒற்றை வில்லை முறையே அது. அத்தகையதை மாணவன் தானே மடித்துச் செய்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊரெங்கும் திரியலாம். உடைந்தால் வேறொன்று செய்துகொள்ளலாம்.

கைப்பேசித் திரையில் எல்லாக் காட்சிகளும் கிடைக்கின்றனவே என்பர் வேறு சிலர். அது பிறர் கண்ட காட்சி. பிறர் திருகிய திருகு. தேடுவதும், காணாமல் மயங்குவதும், காற்றுக் குமிழியை உயிரென்று எண்ணி ஏமாந்து பின்பு தெளிவதும் அதில் இல்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்தபின் இப்பழங்கருவி எதற்கு என்பாரும் உளர். அது அணுவையொட்டிய நுட்பத்தையும் காட்டவல்லதே. ஆனால் காற்றகற்றிய அறையில், பெரும்பாலும் உலர்த்திய உயிரற்ற பொருளையே காட்டுவது. உயிர் அசைவதையும் பிளவதையும் காண விழைவார்க்கு ஒளி நுண்ணோக்கியே இன்றும் துணை.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மிஷன் வைத்தியராயிருந்த சாமுவேல் கிரீன், சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, 1875-இல் 'கெமிஸ்தம்' என்ற இரசாயன நூலையும் தமிழில் வெளியிட்டார். சேலத்தில் 1916-இல் இராஜகோபாலாச்சாரியாரும் நண்பர்களும் விஞ்ஞானச் சொற்களை ஆக்குவதற்கென ஒரு சங்கமே அமைத்தனர். சொற்கள் இன்று நம்மிடம் நிறைய உள்ளன. அச்சொற்களால் தாம் கண்டதை எழுதுவோரே குறைவு. துணி வியாபாரியின் டச்சுக் கடிதத்தை உலகம் மொழிபெயர்த்துக்கொண்டது போல, நம் மாணவரின் தமிழ்க் குறிப்பையும் ஒருநாள் மொழிபெயர்த்துக்கொள்ளும். முதலில், குறித்தெழுதத் தக்க காட்சியை அவர் காணவேண்டும்.

ஆகவே, நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, ஒவ்வொரு மாணவரும் தாமே தகடு அமைத்து, தாமே திருகித் தெளிவுபடுத்தி, கண்டதைக் கண்டவாறே வரைதல் வேண்டும். வரைந்த படம் புத்தகத்தோடு ஒவ்வாததற்காக மதிப்பெண் குறைக்கப்படலாகாது. இரண்டாவது, தேர்வில் உறுப்புகளின் பெயரைக் கேட்பதோடு, புதியதொரு பொருளைக் கொடுத்து, காண்பதை எழுதுக என்று பணித்தல் வேண்டும். மூன்றாவது, மாதம் ஒரு சனிக்கிழமையேனும் நம் ஆய்வுக்கூடத்தின் கதவை ஊராருக்குத் திறந்துவிடுதல் வேண்டும். நெசவாளர் தம் நூலைக் கொண்டு வரட்டும். பள்ளிப் பிள்ளைகள் குளத்து நீரைக் கொண்டு வரட்டும். நம் மாணவர் அவர்களுக்குத் தமிழில் விளக்கட்டும். பழைய மாணவர்களுள் வசதி படைத்தோர், மாலையும் பொன்னாடையும் கொடுப்பதற்கு ஆகும் செலவில் ஒரு கருவியை வாங்கித் தருவாராயின், அதனினும் சிறந்த காணிக்கை வேறில்லை.

இழை எண்ணிய கண்ணாடியிலிருந்து இவ்வறிவு பெருகியது. இழை எண்ணியே வாழும் ஊரிற் பிறந்த பிள்ளைகளுக்கு அது அந்நியப் பொருளாக இருத்தல் முறையன்று. நம் அலமாரிகளின் பூட்டு இவ்வாண்டே திறக்கப்படுமாக.